பூச்சப் பேச்சு

காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவுக்கு மீன் வரும். மணக்குடியிலோ குளச்சலிலோ கரையேறியது, டிவிஎஸ் எக்செல்லின் பின்னால் கட்டிய பெட்டியில், ஐஸ் துண்டுகளுக்கு நடுவே. வண்டி முக்கு திரும்பி ஹாரன் அடிக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியும். சொக்கிக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். படிப்புரையில் சுருண்டு கிடப்பவளின் ஒரு காது மட்டும் முதலில் தெருப்பக்கம் திரும்பும். கண் திறக்காது. பிறகு மற்றக் காது. அப்புறம் எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, வாலைக் கம்புபோல நட்டுக்கொண்டு அடுக்களையைப் பார்த்து நடை. "மீன்காரன் வாறான், சட்டிய எடு பிள்ளே, பூச்ச எந்திச்சாச்சு" என்று அம்மை என் மனைவிக்குக் குரல் கொடுப்பாள்.

எங்கள் பக்கத்தில் பூனை பாடப்புத்தகத்தில்தான் உண்டு. வீட்டில் இருப்பது பூச்ச. மலையாளத்திலும் அதுதான். எல்லையோரத்துக் கொச்சை என்று ஒருமுறை சென்னை நண்பர் ஒருவர் சிரித்தார். தொல்காப்பியத்தின் மரபியலில் இருக்கிறது பூசை என்ற சொல். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடப் புறப்பட்ட பூசையோடு தன்னை ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னான் கம்பன். அந்தப் பூசைதான் இங்கே சாளைத் தலைக்குக் காத்துக் கிடக்கிறது.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பூனைக்கு அது ஏறத்தாழ 85,000 வரை போகும். எலிக்குஞ்சுகள் தமக்குள் கீச்சிடும் ஒலி நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைப் பிடிப்பதற்கென்றே அமைந்த காது இது. இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகத் திருப்புகின்றன. தெருவில் போகும் நூறு வண்டிகளில் மீன்வண்டியின் இரைச்சலை மட்டும் பிரித்தறிவது அந்தக் காதுக்குப் பெரிய காரியமில்லை.

எலி என்றதும் பத்தாயம் நினைவுக்கு வருகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த காலத்தில், நெல் கொட்டிய பத்தாயம் இல்லாத விவசாய வீடு நாஞ்சில் நாட்டில் அபூர்வம். பத்தாயம் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பூச்ச இருக்கும். யாரும் அதை வாங்கி வளர்க்கவில்லை. அது வந்தது, இருந்தது, மச்சில் குட்டி போட்டது. மேற்காசியாவில் மனிதன் முதன்முதலாகத் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கியபோது நடந்ததும் ஏறக்குறைய இதேதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது 2004இல் வெளியானது. உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாமே ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 2007இல் மரபணுவைக் கொண்டு காட்டினார்கள்.

அந்தக் காட்டுப்பூனை தனிக்கட்டை. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்தது. கூட்டத்தில் வாழ்வதற்கு முகபாவம் வேண்டும், பணிவு காட்டத் தெரிய வேண்டும், சமாதானம் பேசத் தெரிய வேண்டும். தனியாக எலி பிடிப்பவனுக்கு அதெல்லாம் எதற்கு? அவன் தன் எல்லையில் வாசனையை விட்டுப் போவான், அடுத்தவன் மோந்து பார்த்து விலகுவான். கடிதப் போக்குவரத்துபோல. நேருக்கு நேர் பார்த்தால்தான் உறுமலும் சீறலும்.

அப்படியானால் 'மியாவ்' எங்கிருந்து வந்தது? அது குட்டி தாயைக் கூப்பிடும் ஒலி. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது மிகக் குறைவு. நம் மதிலில் இரண்டு பூனைகள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஊளை உண்டு, உறுமல் உண்டு, மியாவ் இராது. அது நம்மிடம் மட்டும் பேசும் பேச்சு. பால் மறந்த பிறகும் கைவிடாமல், சோறு போடும் இந்தப் பெரிய இரண்டுகால் பிராணிக்கென்று பூனை வைத்துக்கொண்ட மழலை.

அமெரிக்காவில் மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி 1944இல் வீட்டுப்பூனையின் குரலை மொழியியல்காரர்கள் மனிதப் பேச்சை எழுதுவதுபோல எழுதிப் பார்த்தார். பதினாறு வகை ஒலிகளைப் பிரித்தார். வாயை மூடிக்கொண்டு எழுப்புவன ஒரு கூட்டம், வாய் திறந்து மூடும்போது வருவன இன்னொன்று, வாயைத் திறந்தபடியே இறுக்கி எழுப்புவன மூன்றாவது. சொக்கி காலையில் என்னைப் பார்த்ததும் சொல்லும் "ம்ர்ங்?" முதல் கூட்டம். மியாவ் இரண்டாவது. சீறல் மூன்றாவது. எண்பது ஆண்டுக்குப் பிறகும் இந்தப் பிரிவினை தாங்கி நிற்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிக்காஸ்ட்ரோ வீட்டுப்பூனையின் மியாவையும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் மியாவையும் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுப்பூனையின் குரல்தான் காதுக்கு இதம் என்றார்கள் கேட்டவர்கள். அது குட்டையாகவும் உயர்ந்த சுருதியிலும் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் காதுக்கு ஏற்பச் செதுக்கப்பட்ட குரல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அந்த மியாவ் எதற்காக எழுப்பப்பட்டது, சோற்றுக்கா, கதவு திறக்கவா என்று கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். தங்கள் சொந்தப் பூனையின் குரலென்றால் கொஞ்சம் தேறுகிறார்கள். எல்லாப் பூனைக்கும் பொதுவான அகராதி இல்லை. வீட்டுக்கு வீடு தனி அகராதி. எது சொன்னால் கதவு திறக்கிறது, எது சொன்னால் மீன்தலை விழுகிறது என்று பூனை முயன்று பார்த்து, பலித்ததை வைத்துக்கொள்கிறது. பழக்கியது நாமா பூனையா என்று கேட்டால், என் வீட்டைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

ராகம் மட்டும் ஓரளவு பொது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து ஒலியியல் ஆய்வாளர் சூசன் ஷோட்ஸ் பூனைகளின் குரலைப் பதிவு செய்து அலசியதில், தீனி கேட்கும் மியாவ் பெரும்பாலும் சுருதி ஏறி முடிகிறது, மருத்துவரிடம் கொண்டுபோகும்போது எழும் மியாவ் இறங்கி முடிகிறது. 2021இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. சாக்குப்பைக்குள் போட்டு ஆட்டோவில் ஏற்றும்போது சொக்கி எழுப்பும் அந்த இறங்குமுக ஓலத்தைக் கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துருக்கியில் நடந்து 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு, வீடு திரும்பும் ஆண்களைப் பார்த்துத்தான் பூனைகள் அதிகம் கத்துகின்றன என்றது. ஆண்கள் பூனையின் சைகைகளைக் கவனிப்பது குறைவு, அதனால் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "பூச்சைக்கி மட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சத்தத்தைவிட உடம்பு நிஜம் பேசும். நட்டுக்குத்தாக நிற்கும் வால் நட்பின் கொடி. குட்டி தாயிடம் ஓடும்போது அப்படித்தான் வாலை நிமிர்த்தும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கறுப்பு அட்டையில் பூனை உருவம் வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள். வால் நிமிர்ந்த உருவத்தைக் கண்ட பூனைகள் தங்கள் வாலையும் நிமிர்த்திக்கொண்டு கிட்டே போயின. வால் தாழ்ந்த உருவத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நாயைப் பார்த்துப் பழகியவர்கள் ஏமாறும் இடமும் வால்தான். நாய் வாலாட்டினால் மகிழ்ச்சி என்று படித்த கண்ணோடு பூனையைப் பார்க்கக் கூடாது. பூனை உட்கார்ந்தபடி வாலைத் தரையில் டப் டப்பென்று அடித்தால் பொறுமை தீர்கிறது என்று அர்த்தம். அடுத்த வீட்டுச் சிறுவன் சொக்கியைத் தடவிக்கொண்டே, "மாமா, வாலாட்டுகு பாருங்க" என்று பெருமையாகச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் கையில் நாலு கீறல். மல்லாந்து வயிற்றைக் காட்டுவதும் அப்படித்தான். உன்னை நம்புகிறேன் என்கிறதே தவிர, தடவு என்று சொல்லவில்லை. சொக்கியின் வயிற்றை யாரும் தொட்டுவிட்டு முழுக்கையோடு திரும்பியதில்லை.

காலில் வந்து உரசுவது பாசமா என்று கேட்டால், பாசமும் உண்டு, பட்டா போடுவதும் உண்டு. கன்னத்திலும் உதட்டோரத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலை, கேஸ் சிலிண்டர், என் கணுக்கால் மூன்றும் சொக்கியின் கணக்கில் ஒரே சர்வே எண்ணில் வரும் சொத்து. வெளியே போய்வந்தால் மறுபடி அளந்து கல் நடுவாள்.

என் செருப்பை மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, மேலுதடு சுருங்க, எங்கோ வெறித்துப் பார்ப்பாளே, அது அருவருப்பு அல்ல. மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையைச் செலுத்துகிறாள். மூக்குக்கு அப்பால் இன்னொரு மூக்கு. அந்தச் செருப்பு அன்று யார் வீட்டு முற்றத்தில் கிடந்தது, அங்கே கடுவன் இருந்ததா என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும்.

டியூப்லைட் அருகே பல்லி வந்துவிட்டால் வேறொரு கூத்து. எட்டாத உயரத்தைப் பார்த்துக்கொண்டு தாடை நடுங்க "க்க்க்க்" என்று ஒரு சத்தம், குளிரில் பல் கிட்டுவதுபோல. எட்டாத இரைமேல் எழும் எரிச்சல் என்பார் உண்டு, கழுத்தைக் கடிக்கும் அசைவு வெற்றுவாயில் நடக்கிறது என்பாரும் உண்டு. பிரேசிலின் அமேசான் காட்டில் மார்கே என்ற சிறு காட்டுப்பூனை, டமரின் குரங்குக்குட்டியின் குரலைப் போலி செய்து குரங்குகளை அருகே வரவழைக்க முயன்றதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சொக்கி பல்லியை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நான் நம்பவில்லை. பல்லியும் நம்பவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

மழைக்குப் பின் விளையில் களை பிடுங்கும்போது குப்பைமேனிச் செடியை வேரோடு பறித்துப் போட்டால் எங்கிருந்தோ சொக்கி வந்துவிடுவாள். இலையைச் சீண்ட மாட்டாள். வேர்தான் வேண்டும். மண் ஒட்டிய அந்த வேரில் கன்னத்தைத் தேய்ப்பாள், நக்குவாள், கடைவாயில் எச்சில் ஒழுகும், பிறகு அதன்மேலேயே விழுந்து புரள்வாள். பத்துப் பதினைந்து நிமிடம் உலகம் தெரியாது. அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உடம்பை நக்கிக்கொண்டு போய்விடுவாள்.

குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். மலையாளத்தில் பூச்சமயக்கி. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் இரண்டு பெயரையும் அறிந்த வயசாளிகள் இங்கே உண்டு. பூனை தலை தாழ்த்தித் தேய்ப்பதைப் பார்த்த தமிழன் வணக்கம் என்றான், கண் சொருகிக் கிடப்பதைப் பார்த்த மலையாளி மயக்கம் என்றான். ஒரே காட்சியின் இரண்டு பதிவுகள். பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீடு மலபாரின் செடிகளைத் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்டாரே, 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', அதில் குப்பைமேனி நம் பெயரிலேயே ஏறியிருக்கிறது. பிற்பாடு 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப்போனது இதே கம்பெனிதான்.

மேல்நாட்டுப் பூனைகளுக்கு இந்தக் கிறக்கத்தைத் தருவது கேட்நிப் என்ற செடி. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குப்பைமேனியோ ஆமணக்குக் குடும்பம். இரண்டுக்கும் சொந்தபந்தம் இல்லை. ஆனாலும் கேட்நிப்பில் இருக்கும் நெபெட்டலாக்டோன் என்ற சேர்மத்துக்கு மிக நெருங்கிய ஒன்று குப்பைமேனியின் வேரில் இருக்கிறது. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்து மசாவ் மியாசாக்கியும் கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புரளலின் உள்விவகாரத்தைத் திறந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது மதாதாபி என்ற ஜப்பானியக் கொடி. அதன் நெபெட்டலாக்டால் பூனையின் மூக்கில் பட்டதும், மூளைக்கு இன்பம் தரும் எண்டார்ஃபின் இரத்தத்தில் கூடுகிறது. அபின் வேலை செய்யும் அதே பாதைதான், ஆனால் அடிமைப்படுத்துவதில்லை. கூடவே இன்னொன்றையும் கண்டார்கள். மதாதாபியில் முகம் தேய்த்த பூனையின்மேல் கொசு குறைவாகவே உட்கார்ந்தது. கண்ணுக்குப் போதையாகத் தெரிந்தது கொசு மருந்து பூசிக்கொள்ளும் வேலையாகவும் இருக்கலாம். குப்பைமேனிக்கும் இந்தக் கொசுக் கணக்கு பொருந்துமா என்று பார்க்க நாகர்கோவிலைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. கொசுவுக்குப் பஞ்சமில்லை.

உங்கள் பூனை குப்பைமேனியைக் கண்டும் காணாததுபோல் போனால் வருத்தப்பட வேண்டாம். கேட்நிப்புக்கு மயங்குவதே மூன்றில் இரண்டு பூனைகள்தான். அது பரம்பரையில் வருவது. சின்னக் குட்டிகளும் மயங்குவதில்லை. ஒன்று மட்டும்: வேரை மோந்து புரளட்டும், சாறு பிழிந்து புகட்டிவிடாதீர்கள். அந்தச் செடியில் சயனைடு பிறக்கும் சேர்மமும் இருக்கிறது.

பூனையின் பேச்சில் நாம் அதிகம் தவறாக மொழிபெயர்ப்பது அதன் குறுகுறுப்பு ஒலியைத்தான். தூரத்து வயலில் ஓடும் மோட்டார்போல நொடிக்கு 25 முதல் 30 அதிர்வுகள், மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். இவ்வளவு சிறிய பிராணியின் தொண்டையில் இவ்வளவு தாழ்ந்த ஒலி எப்படி என்பது நெடுநாள் புதிர். மூளை தசைகளுக்கு விடாமல் ஆணையிட்டுத் துடிக்கவைக்கிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. வியன்னாவில் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் குழுவினர், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட எட்டுப் பூனைகளின் குரல்வளையை உரிமையாளர்களின் சம்மதத்தோடு எடுத்து, வெறும் காற்றைச் செலுத்தினார்கள். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, எட்டும் அந்தத் தாழ்சுருதியில் அதிர்ந்தன. குரல்நாண்களுக்குள் திண்டுபோல இருக்கும் இணைப்புத்திசு அதிர்வை மெதுவாக்குகிறது. 2023இல் இது வெளியானது.

இந்தக் குறுகுறுப்புக்குள் ஒரு தந்திரமும் உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை கேரன் மெக்கோம்பின் பூனை விடியற்காலையில் குறுகுறுத்தே அவரை எழுப்பிவிடும். ஏன் இந்த ஒலியைத் தாங்க முடியவில்லை என்று ஆராய்ந்தார். தீனி கேட்கும் குறுகுறுப்பில் அடிநாதத்தின் மேலே மெல்லிய ஓர் அழுகுரல் கலந்திருந்தது, கைக்குழந்தை அழும் சுருதிக்குப் பக்கத்தில். பூனையே வளர்க்காதவர்கள்கூட அதைக் கேட்டு அவசரம் என்றார்கள். அதே மெக்கோம்ப் குழு 2020இல், பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்கிறது, அறிமுகமில்லாதவரானாலும் நெருங்கி வருகிறது என்று காட்டியது. செலவில்லாத சோதனை. வெறித்துப் பார்க்காமல், கண்ணை இடுக்கி, தூக்கம் வருபவர்போல மூடித் திறந்து பாருங்கள். சொக்கி எனக்குப் பதில் சொல்கிறாள். அம்மையிடம் தானாகவே ஆரம்பிக்கிறாள்.

ஆனால் குறுகுறுப்பு எப்போதும் சுகம் அல்ல. வலியிலும் குறுகுறுக்கும். சாகும்போதுகூட. சொக்கிக்கு முன் எங்களிடம் கறுப்பன் என்று ஒரு கடுவன் இருந்தான். இரண்டு நாளாகப் பின்முற்றத்து மணலைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தான், முக்கினான், அடித்தொண்டையில் கத்தினான். மலச்சிக்கல் என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தோம். இரவு என் மடியில் ஏறி, பாதிக் கண் மூடி, குறுகுறுவென்று கிடந்தான். தேறிவிட்டான் என்றேன் அம்மையிடம். விடிந்தபோது இல்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். துகளோ சளியோ அடைத்தால் சிறுநீர் இறங்காது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும். இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அவன் சொன்னது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. மணலைக் கவனித்திருக்க வேண்டியவன் மடியின் சத்தத்தை நம்பினேன்.

காது பக்கவாட்டில் தட்டையாகி, கண் இடுங்கி, மூக்கும் வாயும் இறுகி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் அது வலி. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் இந்த ஐந்தையும் அளவுகோலாகவே ஆக்கியிருக்கிறார்கள். வாயைத் திறந்து நாய்போல மூச்சு வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை மணலுக்குப் போய்ப்போய் வெறுமனே திரும்பினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை வலி தணியட்டும் என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. அந்தப் பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லும்.